செத்த மீனுக்குப் பெயர் வைக்கப் போன கதை

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, கடையில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிற நேரம் பார்த்து மருமகன் வந்து நின்றான். நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறான். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் ஈரக் கடதாசிப் பொட்டலம். "மாமா, சின்ன டைனோசர் ஒண்டு" என்றான். பிரஷர் குளிசை வாங்க வந்திருந்த ஓர் அம்மா இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திருகோணமலை டவுனில் சின்னதாக ஒரு பாமசி நடத்துகிறேன். மருமகன் அக்காவின் மகன், பதினான்கு வயது. எந்த டைனோசர் எத்தனை தொன் என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வான். இதற்கு முன்பு அவன் கொண்டுவந்த 'டைனோசர் முட்டை' கடலில் உருண்ட கல்லாகவும், 'டைனோசர் பல்' உடைந்த சங்காகவும் முடிந்திருந்தன. இதுவும் அந்த வரிசைதான் என்று நினைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்த பிறகு பேச்சு வரவில்லை.

என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம். உடம்பு அகலமாக, தட்டையாக, முழுக்க எலும்புத் தகடு போர்த்தியிருந்தது. இரண்டு பக்கமும் விசிறி போலச் செட்டை. மூக்கு அலகு மாதிரி முன்னே நீண்டிருக்க, வாய் அதற்குக் கீழே ஒளிந்திருந்தது. வால், வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தது போல. வயிற்றுப் பக்கம் கால் மாதிரி இரண்டு மெல்லிய நீட்டல்கள். கரைவலை மடியில் சூடையோடும் கஞ்சலோடும் வந்து, மீனைப் பிரித்த பிறகு கழித்துக் கொட்டிய குவியலில் செத்துக் கிடந்ததாம்.

"இதுக்கு என்ன பேர் எண்டு வலைக்காரப் பெரியவரிட்டக் கேட்டனான் மாமா. இதுக்கெங்க தம்பி பேர், இது எறியிற சாமான் எண்டார்."

அது போதாதா? பெயர் இல்லாத பிராணி. ஆகவே புதிய இனம். ஆகவே பெயர் வைக்கிற உரிமை எங்களுக்கு. பதினான்கு வயதில் அந்தக் கணக்கு சரியாகத்தான் வரும். நாற்பத்தெட்டு வயதில் எனக்கும் அப்படியே வந்ததுதான் வெட்கம்.

அன்று இரவே நிலாவெளிக்குப் போனேன். அக்கா வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, போனில் தேடித் தேடிப் பெயரிடும் விதிகளைப் படித்தோம். விலங்குகளுக்குப் பெயர் வைக்க சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ளது அதன் நான்காம் பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல். டைனோசருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. நுளம்புக்கும் டைனோசருக்கும் ஒரே சட்டம். பெயர் இரண்டு சொல்: முதலாவது எங்கள் பாடப்புத்தகத்தில் 'சாதி', தமிழ்நாட்டில் 'பேரினம்'. இரண்டாவது இனத்துக்குரியது. ரோமன் எழுத்தில் முதற்சொல்லின் முதலெழுத்து பெரியது, இரண்டாவது சொல் முழுக்கச் சின்னெழுத்து, அச்சில் சாய்வெழுத்து.

இந்த இரண்டு சொல் எதற்கு என்பது என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் விளங்கும். ஒருவர் பனடோல் கேட்பார், இன்னொருவர் வேறொரு கம்பனிப் பெயரைச் சொல்வார், மூன்றாமவர் 'அந்த வெள்ளைக் குளிசை' என்பார். பெட்டியில் சின்ன எழுத்தில் பரசிட்டமோல் என்று இருக்கும். அந்தச் சின்ன எழுத்தை நம்பித்தான் நான் கொடுக்கிறேன். விஞ்ஞானப் பெயரும் அந்தச் சின்ன எழுத்துத்தான்.

படித்ததில் சில விதிகள் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயின. பெயர் இலத்தீனாகவோ கிரேக்கமாகவோ இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. தமிழ்ச் சொல்லையும் வைக்கலாம், ரோமன் எழுத்தில் எழுதினால் சரி. (முருங்கை அப்படிப் போய் வந்த சொல்தான். அதன் தாவரவியல் பெயரான மொரிங்கா, நம் முருங்கை கப்பலேறித் திரிந்த வடிவம். தாவரங்களுக்குச் சட்டப்புத்தகம் வேறு, அது இருக்கட்டும்.) பெயர் மிகக் குட்டியாகவும் இருக்கலாம்: ஆசியாவில் ஒரு வௌவாலின் முழுப்பெயரே 'ஈயா ஈயோ', ரோமனில் மொத்தம் நாலு எழுத்து. ஊரின் பெயரால் வைத்தால் பெரும்பாலும் 'என்சிஸ்' என்று முடியும். ஆளின் பெயர் என்றால் ஆணுக்கு 'இ', பெண்ணுக்கு 'ஏ'. மாங்குளத்தில் கிடைத்த, கால் விரித்தால் மனித முகத்தளவு வரும் சிலந்திக்கு 2012 இல் பொயிசிலோதீரியா ராஜேயி என்று பெயர் வைத்தார்கள். வடக்கில் அதைத் தேடித் திரிந்தவர்களுக்கு உதவியாக வந்த பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயர் அது.

சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டால்? விதி நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் அந்தத் துறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்தால் காலத்துக்கும் சிரிப்பார்கள். ஆகவே மருமகன் பெருந்தன்மையாக இரண்டு பெயர் தயாரித்தான். ஒன்று 'திருகோணமலென்சிஸ்'. மற்றது அம்மம்மாவின் பெயரோடு 'ஏ'. அம்மம்மா பாக்கு இடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், உரலை நிறுத்திவிட்டு, "செத்த மீனுக்கோ என்ர பேர்?" என்றார். அந்தப் பெயர் அங்கேயே கைவிடப்பட்டது.

அடுத்து அவன் படத்தோடு பேஸ்புக்கில் போடப் போனான். எனக்கு ஏதோ பட்டு, முதலில் தெரிந்தவர் யாரிடமாவது கேட்போம் என்று நிறுத்தினேன். அந்த இரவில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அது. என்னோடு படித்த ஒரு தோழி இப்போது மட்டக்களப்புப் பக்கம் விலங்கியல் கற்பிக்கிறார். வட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பி, 'புதிய இனம் போலிருக்கிறது' என்று ஒரு வரியும் எழுதினேன்.

பதில் விடியத்தான் வந்தது. வாழ்த்து எதுவும் இல்லை, கேள்விகள் மட்டும். எந்த இடம்? என்ன திகதி? வலை எவ்வளவு தூரத்தில் வளைத்தது, அடியில் மணலா, கடற்புல்லா? மேல்பக்கத் தகடு எத்தனை சோடி? வால் வளையம் எத்தனை? படத்தில் அளவு தெரியவில்லை, அடிமட்டம் வைத்துத் திரும்ப எடு.

இடமும் திகதியும் போத்தலில் எழுதியிருக்கிறதே என்று சந்தோஷமாகப் போய் எடுத்தேன். இங்கேதான் என் மானம் போனது.

சனிக்கிழமையே அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு ஸ்பிரிட் ஊற்றியிருந்தேன். பாமசிக்காரனுக்கு ஸ்பிரிட்டுக்கா பஞ்சம்? விலை ஒட்டுகிற ஸ்டிக்கரில் ஜெல் பேனையால் அழகாக எழுதி வெளிப்பக்கம் ஒட்டினேன். மூடி சரியாக இறுகவில்லை. கசிந்த ஸ்பிரிட் ஸ்டிக்கரை நனைத்து, எழுத்தெல்லாம் கரைந்து நீலத் திட்டாகி, 'நி' ஒன்றும் 7 ஒன்றும் மட்டும் மிஞ்சியிருந்தன. காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று நாள் முழுக்க லேபிள் எழுதிப் பிழைக்கிறவன் நான். தோழிக்குச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்த குரல் பதிவு இன்னும் போனில் கிடக்கிறது.

திகதியை மீட்டுத் தந்தவர், டைனோசரைக் கண்டு பின்வாங்கிய அந்த அம்மாதான். அவருடைய பிரஷர் குளிசைக்கு எழுதிய பில்லின் பிரதி புத்தகத்தில் இருந்தது. ஆனால் எந்தக் கரைவலைப் பாடு (வலை இழுக்கிற கரைத்துண்டு), வலை எவ்வளவு தூரம் போனது என்பது போனது போனதுதான். அன்று அந்தக் கரையில் இரண்டு வலை இழுத்தார்களாம். எந்த மடியில் வந்தது என்று மருமகனுக்கு நிச்சயமில்லை.

இதை அனுபவித்த பிறகு தோழி சொல்லித்தந்தவற்றை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். லேபிளைப் பென்சிலால் எழுத வேண்டும். கரி ஸ்பிரிட்டில் கரையாது, பேனை மை கரையும். தடித்த கடதாசியில் எழுதி, போத்தலுக்கு வெளியே ஒட்டாமல் உள்ளே, பிராணியோடு சேர்த்துப் போட வேண்டும். வெளி லேபிள் உரியும், போத்தல் மாறும், உள்ளே கிடப்பது கூடவே இருக்கும். இடம், திகதி, எப்படிக் கிடைத்தது, யார் எடுத்தது, இந்த நாலும் இல்லாவிட்டால் அது வெறும் செத்த மீன். ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் வெளுத்துவிடும், அதனால் முதலில் படம்: மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டில், அடிமட்டத்தோடு. அதற்குப் பிறகுதான் போத்தல். எழுபது வீத எதனோல் பாதுகாக்கப் போதும், மரபணு ஆராய்ச்சிக்கு என்றால் தொண்ணூற்றைந்துக்கு மேல் வேண்டும். போமலின் உடம்பை நன்றாக விறைக்க வைக்கும், மரபணுவைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று. எங்களுடையது வலையில் செத்து வந்து கழிபட்டது. உயிரோடு இருப்பதைப் பிடித்து ஸ்பிரிட்டில் போடுவது வேறு விஷயம், அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி கேட்கவேண்டி வரும். புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு சிப்பி ஓடுகூட எடுக்கக்கூடாது. அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, வால் வளையத்துக்கு வருவோம். அக்காவின் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு எட்டு, அவனுக்கு ஒன்பது. திரும்ப எண்ணினோம். முதல் வளையம் உடம்போடு ஒட்டியிருந்ததை அவன் சேர்த்து எண்ணியிருந்தான். எட்டு. மேல்தகடு மூன்று சோடி. அனுப்பிய ஐந்தாவது நிமிடத்தில் தோழியின் பதில்: யூரிபெகாசஸ் டிராகோனிஸ். வளையம் பதினொன்று, பன்னிரண்டு என்று வந்திருந்தால் அதன் உறவான பெகாசஸ் வொலிடன்ஸ். எட்டு, ஒன்பது என்றால் இதுதான். கூடவே ஓர் ஆளின் பெயரும் ஒரு வருடமும், அடைப்புக்குறிக்குள்: லின்னேயஸ், 1766.

மருமகன் வருடத்தைத்தான் பார்த்தான். "ஆயிரத்து எழுநூறா?" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் கடலில் இப்போதும் வலையில் வந்து, பெயரில்லாமல் குப்பையோடு கொட்டப்படுகிற பிராணிக்கு, சுவீடனில் இருந்த ஒருவர் எப்போதோ பெயர் வைத்துவிட்டார். பெகாசஸ் கிரேக்கக் கதையில் வரும் சிறகுக் குதிரை. யூரி என்றால் அகலம். டிராகோனிஸ் என்றால் டிராகனுடைய. சிறகுள்ள, அகலமான, டிராகன் மாதிரி ஒன்று. அவன் 'சின்ன டைனோசர்' என்றதற்கும் இதற்கும் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. அதைச் சொன்னபோதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்த அடைப்புக்குறி ஏன் என்று கேட்டான். தோழி சொன்னதை அடுத்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் அவனுக்குக் காட்டிச் சொன்னேன். கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் தெருவில் நிற்கும், உங்களுக்குத் தெரியும். அர்ச்சனைத் தட்டில் இருக்கிற வாழைப்பழத்துக்குக் கழுத்தை நீட்டும். அதன் பெயர் அக்ஸிஸ் அக்ஸிஸ், அடைப்புக்குறிக்குள் எர்க்ஸ்லெபன், 1777. அவர் அன்று வைத்த பெயர் செர்வஸ் அக்ஸிஸ். பிறகு வந்தவர்கள் இந்த மானைத் தனிச் சாதியாகப் பிரித்தார்கள். இனப்பெயரும் வைத்தவர் பெயரும் அப்படியே தொடர்ந்தன, முதற்சொல் மாறிவிட்டதைக் காட்ட மட்டும் அடைப்புக்குறி வந்தது. (ஒரே சொல்லை இரண்டு தரம் சொல்ல விலங்கியலில் அனுமதி உண்டு, தாவரவியலில் இல்லை.)

இன்னும் நல்ல சோடி ஒன்று இருக்கிறது. மாடத்தில் ஓடுகிற வீட்டு எலி முஸ் முஸ்குலஸ். எங்கள் கடலில் படகேறிப் போய்ப் பார்க்கிற நீலத்திமிங்கிலம் பலெனொப்டெரா முஸ்குலஸ். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் லின்னேயஸ்தான், இரண்டும் 1758 தான். எலிக்கு அடைப்புக்குறி இல்லை, அவர் வைத்தபடியே இருக்கிறது. திமிங்கிலத்துக்கு உண்டு, சாதி மாறிவிட்டது. முஸ்குலஸ் என்றால் இலத்தீனில் தசை என்றும் அர்த்தம், சுண்டெலி என்றும் அர்த்தம். உலகத்திலேயே பெரிய பிராணிக்குச் சுண்டெலிப் பெயரை அவர் வேண்டுமென்றே வைத்தாரோ என்னவோ, ஆள் குறும்புக்காரர்தான். இரண்டாவது சொல்லைத் தனியே சொன்னால் எலியா, திமிங்கிலமா என்று தெரியாது. அதனால்தான் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த 1758 இல் வந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பைத்தான் விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சிலந்தி நூலைத் தவிர, அதற்கு முன்பு யார் என்ன பெயர் வைத்திருந்தாலும் கணக்கில் இல்லை.

முதற்சொல் மாறினால் சிலவேளை இரண்டாவது சொல்லின் வாலும் மாறும். வளவில் 'குட்ரூ குட்ரூ' என்று கத்துகிற குக்குறுவான் முன்பு மெகலைமா ஸெய்லானிக்கா. சாதியை மாற்றியபோது சிலோபொகோன் ஸெய்லானிக்கஸ் ஆனது. இலத்தீனில் சாதிப்பெயர் பெண்பாலா ஆண்பாலா என்று பார்த்து இனப்பெயர் இசைய வேண்டும். 'வந்தாள்', 'வந்தான்' போடுகிற நமக்கு அது ஒன்றும் அதிசயமில்லை.

ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் முழு வேலையுமே. புதிது என்று சொல்ல வருகிறவர், அந்தப் பிராணியின் உறவுகள் அத்தனைக்கும் இதுவரை எழுதப்பட்ட விவரங்களைத் தேடி, அருங்காட்சியகப் போத்தல்களைத் திறந்து பார்த்து, இது அவை எதுவும் அல்ல என்று காட்ட வேண்டும். எங்களுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது, தோழிக்குத் தெரிந்த மீன் என்பதால். வண்டுகளிலும் தவளைகளிலும் இதற்கே வருடக்கணக்காகும். பிறகு ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இந்தப் பெயருக்குரிய பிரதான மாதிரி என்று அறிவித்து, எந்தச் சேகரிப்பில் வைத்திருக்கிறது என்றும் எழுத வேண்டும். விவரிப்பு முறையாக வெளியாக வேண்டும். பேஸ்புக் பதிவு கணக்கில் சேராது. இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆய்வு என்றால் சூபேங்க் என்ற பதிவேட்டிலும் பதிய வேண்டும். வெளிவராத பெயரை முன்கூட்டியே ஊரெல்லாம் பரப்பினால், பின்னால் உண்மையிலேயே பெயர் வைக்க வருகிறவருக்குத்தான் சிக்கல். அன்றிரவு மருமகனின் விரலைப் பிடித்தது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிரதான மாதிரி என்ற இந்த விஷயம் எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கவைத்தது ஒரு திமிங்கிலம். 1963 ஜனவரியில் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானைக் கரையில் அலகுள்ள திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. அருங்காட்சியகத்தில் இருந்த பி. ஈ. பி. தெரணியகல அதைப் புதிய இனம் என்று கண்டு மெசொப்ளோடன் ஹொட்டவுலா என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் 'ஹொட்ட' அலகு, 'உல' கூர். இரண்டே வருடத்தில், இது ஜப்பானில் 1958 இல் பெயர் வைத்த வேறொரு இனம்தான் என்று சொல்லி அவர் பெயரைத் தள்ளிவிட்டார்கள். அரை நூற்றாண்டு போயிற்று. 2014 இல், செய்ஷெல்ஸ், மாலைதீவு போன்ற இடங்களில் கிடைத்த எச்சங்களின் மரபணுவையும் இரத்மலானை மாதிரியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெரணியகல சொன்னதே சரி. ஆராய்ந்தவர்கள் தாங்களாகப் புதிய பெயர் வைக்க முடியவில்லை. முதலில் முறையாக வைத்த பெயருக்குத்தான் உரிமை, அதனால் அந்தச் சிங்களப் பெயரே திரும்பி வந்தது. மாதிரி பத்திரமாக இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது.

எதிர்ப்பக்கக் கதை மருமகனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, அவன் அதை வேறு கண்ணால் பார்த்திருந்தான். தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற ஊரில் கிடைத்த எலும்புகளுக்கு 1987 இல் பிருகத்காயோசோரஸ் மட்லேயி என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம், பேருடம்பு. பெயரை வாசித்ததுமே நமக்கு அர்த்தம் தெரிந்துவிடுகிற டைனோசர் எத்தனை இருக்கிறது? மட்லேயி என்பது இந்தியாவில் டைனோசர் எலும்பு தேடிய மட்லி என்பவருக்காக. உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்ட அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாகிப் போய்விட்டன. இப்போது மிச்சம் பழைய வரைபடங்களும் படங்களும். ஆகவே எவ்வளவு பெரியது என்று இன்றும் சண்டை. "எங்கட லேபிள் மாதிரி" என்றான் மருமகன். ஓம், எங்கள் லேபிள் மாதிரித்தான்.

இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவன் டைனோசர் புத்தகத்தை வேறு விதமாக வாசிக்கிறான். முன்பு தொன் கணக்கு, இப்போது பெயர் வைத்த கதை. அவன் எனக்குச் சொன்னதில் இரண்டை மறக்கமாட்டேன். ஓவிராப்டர் என்றால் முட்டைத் திருடன். மொங்கோலியாவில் முட்டைக் குவியலுக்கு மேலே கிடந்ததைப் பார்த்து, திருட வந்து செத்தது என்று நினைத்து 1924 இல் வைத்த பெயர். அந்த வகை முட்டைகள் அதன் குடும்பத்துடையவை என்று 1990களில் தெரியவந்தது. பாவம், அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் பெயரை மாற்ற முடியாது. அர்த்தம் பொய்யாகிவிட்டது என்பது பெயரை மாற்றப் போதிய காரணமில்லை. நிரபராதி என்று தீர்ப்பு வந்த பிறகும் திருடன் என்றே கூப்பிடுகிறார்கள்.

மற்றது, ஆபிரிக்காவின் ஒரு டைனோசருக்கு 1969 இல் சின்டார்சஸ் என்று பெயர் வைத்தார்கள். அது நூறு வருடத்துக்கு முன்பே ஒரு வண்டுக்கு வைத்த பெயர். இரண்டு விலங்குச் சாதிகளுக்கு ஒரே பெயர் இருக்கக்கூடாது, பிந்தியதுதான் போக வேண்டும். வண்டு ஆராய்ச்சிக்காரர்களே 2001 இல் டைனோசருக்கு மாற்றுப்பெயர் வைத்தார்கள்: மெகாப்னோசோரஸ். அர்த்தம், பெரிய செத்த பல்லி. அதைச் சொல்லும்போது அவன் தரையில் உருண்டு சிரித்தான். என்னைக் கேட்டால் டைனோசர்காரர்களுக்கு அது தேவையானதுதான்.

கோயில் மலையில் நின்று, இந்தப் பாறைக்குள் டைனோசர் எலும்பு இருக்குமா என்று கேட்டான். இருக்காது. இந்தப் பாறை ஐம்பது கோடி வருடத்துக்கும் பழையது, டைனோசர்கள் வந்ததே இருபத்துமூன்று கோடி வருடத்துக்கு முன்புதான். ஆனால் கீழே கடலைக் காட்டி வேறொன்று சொன்னேன். 1956 இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் முக்குளித்துப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டது அங்கேதான். அந்தக் கிளார்க்கின் பெயரில் ஒரு டைனோசர் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் கிடைத்த ஒரே ஒரு முன்னங்கை எலும்புக்கு 2003 இல் வைத்த பெயர், செரென்டிபாசெராடொப்ஸ் ஆர்தர்சிகிளார்க்கி. எதிர்பாராமல் வாய்த்த நல்லதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து முதற்பாதி, அந்தச் சொல்லோ நம் தீவின் பழைய பெயரான செரெண்டிப்பிலிருந்து பிறந்தது. "அந்தாள் எலும்பு கிண்டினவரோ?" என்றான். இல்லை, பெயர் வைத்தவர்களின் நண்பர், அவ்வளவுதான். யார் பெயரை வைக்கலாம் என்பதற்கு அதற்கு மேல் ஒரு தகுதியும் கேட்பதில்லை. "அப்ப அம்மம்மா?" என்றான். அம்மம்மாவின் சம்மதம்தான் பிரச்சினை என்றேன்.

போத்தல் இப்போது கடையில் இருமல் பாணி அடுக்குகிற தட்டுக்கு மேலே இருக்கிறது. உள்ளே பென்சிலால் எழுதிய துண்டு, மருமகனின் கையெழுத்து, லின்னேயஸுக்கு அடைப்புக்குறி போட்டு. இடம் என்ற இடத்தில் 'நிலாவெளி, பாடு தெரியாது' என்று நேர்மையாக எழுதியிருக்கிறான்.

சென்ற மாதம் இரண்டு பேரும் வலைக்காரப் பெரியவரைப் பார்க்கப் போனோம். பெயர் கிடைத்துவிட்டது என்று மருமகன் சொல்லிக் காட்டினான். பெரியவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, வாயில் நுழையவில்லை என்று கைவிட்டார். பிறகு வாடிக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். தம்பி ஆசைப்பட்டானே என்று, மடியில் செத்து வந்ததையெல்லாம் எறியாமல் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார். பதினேழு. உயிரோடு வந்தால் கடலில் விட்டுவிடுங்கோ ஐயா என்று நான் சொல்ல, மருமகன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான்.

"இதெல்லாம் எந்தெந்தத் திகதி பிடிச்சது ஐயா?"

"திகதியோ? எல்லாம் இந்தக் கச்சான் காத்துக் காலத்துக்குள்ளதான் தம்பி" என்றார் பெரியவர்.